நஷ்டஈடும் அறுபது சதவீதமும்

தடுப்பூசியால் தேகத்துக்கு ஊறு நேர்ந்ததென்று முறையிடுவோருக்குப் பிரிட்டிஷ் அரசு 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிதி வழங்கி வருகிறது. யாருடைய குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற மட்டில் அச்சட்டம் உயர்ந்ததே. ஆயினும், ஊசியே காரணமென்று ஒப்புக்கொண்ட பின்னரும், ஊனம் நூற்றுக்கு அறுபது பங்கை எட்டினாலன்றி ஒரு காசும் கிடையாதென்று அது விதித்திருப்பதை நியாயமென்று கொள்ள என் மனம் இசையவில்லை.

கக்குவான் இருமல் ஊசிக்குப் பின் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 36 குழந்தைகளைப் பற்றி லண்டன் மருத்துவர்கள் 1974-இல் வெளியிட்ட கட்டுரை அத்தேசத்தையே கலக்கியது. பெற்றோர் அஞ்சிப் பின்வாங்க, நூற்றுக்கு எண்பது குழந்தைகள் வரை போட்டுக்கொண்ட ஊசி முப்பதளவுக்குச் சரிந்து, அடங்கியிருந்த நோய் மீண்டும் கிளம்பி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. பாதிக்கப்பட்டோரின் பெற்றோரும், அவர்கள் சார்பில் பார்லிமெண்டில் வாதாடிய ஜாக் ஆஷ்லியும் ஓயாது போராடியதன் பயனாகவே பத்தாயிரம் பவுன் தரும் அச்சட்டம் பிறந்தது.

பின்னாளில் அக்கட்டுரையின் அனுமானம் ஆட்டங்கண்டது உண்மை. ஊசிதான் காரணமென்பது நிரூபணமாகவில்லையென்று 1988-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்த அத்தகைய 14 பேரில் 11 பேரிடம் மரபணுக் கோளாறே தென்பட்டது. ஆகவே காரணத்தைக் கடுமையாக விசாரிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அவ்விசாரணையில் தேறியவரை, ஊனம் போதவில்லையென்று திருப்பி அனுப்புவது என்ன தர்மம்?

ஊனத்தை அளக்க இச்சட்டம் கையாளும் முறை, தொழிற்சாலை விபத்துகளுக்கென ஏற்பட்ட அதே முறைதான். அதன்படி ஒரு கண்ணை இழந்தவரின் ஊனம் நூற்றுக்கு நாற்பது. இயந்திரத்தில் அக்கண்ணை இழந்த தொழிலாளிக்கு, பதினான்கு பங்கு ஊனத்திலிருந்தே படிப்படியாக உதவித்தொகை வழங்கும் அரசு, ஊராரின் க்ஷேமத்துக்காகவும் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு அதே கண்ணை இழந்தவருக்கு எதுவும் தருவதில்லை.

தாராளமாகக் கொடுத்தால் ஜனங்களுக்கு ஊசியின்மேல் பயம் மிகும் என்பார் சிலர். கைவிடப்பட்டோமென்று ஒரு குடும்பம் ஊரறியக் கலங்குவதைக் காட்டிலும் பயம் விளைவிப்பது வேறெதுவுமில்லை. எண்பதாக இருந்த வரம்பை 2002-இல் அறுபதாக இறக்கியவர்களும், தொகையை 2007-இல் 1,20,000 பவுனாக உயர்த்தியவர்களும் அவ்வரம்பை அடியோடு நீக்கி, தொழிலாளிக்கு அளிப்பதுபோல் ஊனத்தின் அளவுக்கேற்ற தொகையை இவர்களுக்கும் அளிக்கத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.