கையில என்ன இருக்கு, காட்டு!

ஒரே ஹாஸ்டல், ஒரே மெஸ், ஒரே வைரஸ். ஒருத்தன் நாலு நாளா எழுந்திருக்கல. பக்கத்து பெட்காரன் ஒரு தும்மல்கூட போடல. 'அவனுக்கு இரும்பு உடம்பு மச்சி'ன்னு சொல்லிட்டுப் போயிடறோம். மேட்டர் இரும்பு இல்ல பாஸ், ஜீன்!

ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி போறப்ப மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. உப்பைப் பார்க்க ஒவ்வொரு பாத்தியிலயும் இறங்க வேண்டாம். வரப்புல குவிச்சதுல ஒரு கை அள்ளினாலே உள்ளே விளைஞ்சது தெரிஞ்சிடும்.

நம்ம உடம்போட டி செல்களும் அப்படித்தான். ஒரு செல்லுக்குள்ள எட்டிப் பார்க்க அதுங்களால முடியாது. அந்தச் செல்தான் உள்ளே இருக்கற புரதங்களைத் துண்டு துண்டா வெட்டி, வெளியே நீட்டிக் காட்டணும். அப்படிக் காட்டற 'கை'க்குப் பேரு ஹெச்.எல்.ஏ. கையில வைரஸ் துண்டு இருந்தா, டி செல் அந்தச் செல்லையே காலி பண்ணிடும். 1970-கள்ல ஆஸ்திரேலியாவில் எலிகளை வெச்சு இதைக் கண்டுபிடிச்ச டோஹர்ட்டி, ஜிங்கர்நாகல் ரெண்டு பேருக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைச்சது.

ட்விஸ்ட் இங்கேதான். இந்தக் கை ஆளுக்கு ஆள் வேற. பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. எந்த வைரஸ் துண்டு அதில் சரியா உட்காரும்ங்கறதை இந்த ஜீன்கள்தான் முடிவு பண்ணுது. 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு: ஹெச்.எல்.ஏ. பி 15:01 வகை இருந்தவங்களுக்கு, கொரோனா தொற்றியும் அறிகுறியே இல்லாம போற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேல! சாதா ஜலதோஷ கொரோனா வைரஸ்கள்லயும் கிட்டத்தட்ட அதே துண்டு உண்டு. அதனால டி செல்லுக்கு அது பழகின முகம். ஆனா ஆய்வு நடந்தது வெள்ளை இனத்தவர்கிட்ட. அப்படியே நமக்குப் பொருத்திட முடியாது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கை இருந்தா, அதை ஏமாத்தக் கத்துக்கிட்ட ஒரே வைரஸ் ஊரையே சாய்ச்சிடும். இந்த வித்தியாசம்தான் நமக்குக் காவல்.

அதே வித்தியாசம்தான் ரத்தப் புற்றுநோய் வந்தவங்களுக்குத் தலைவலி. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு ஹெச்.எல்.ஏ. பொருந்தணும். கூடப் பிறந்த ஒருத்தரோட முழுசாப் பொருந்தவே 25 சதவிகிதம்தான் வாய்ப்பு. இல்லேன்னா முன்பின் தெரியாத ஒருத்தரைத் தேடணும். நம்ம ஊர்க்காரங்களோட பொருந்தற வாய்ப்பு நம்ம ஊர்க்காரங்களுக்குத்தான் அதிகம். அந்தத் தேடலுக்காகத்தான் 2009-ல் சென்னையில் 'தாத்ரி' பதிவேடு தொடங்கினாங்க. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால ஒரு தடவு, அவ்வளவுதான் சாம்பிள்.

ஒண்ணே ஒண்ணு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கொடுக்கறாங்கன்னு பேரைக் கொடுக்காதீங்க. வருஷம் கழிச்சு 'உங்க சாம்பிள் பொருந்தியிருக்கு'ன்னு போன் வரலாம். அப்ப நீங்க பின்வாங்கினா, அந்தப் பக்கம் காத்திருக்கறவருக்கு வேற ஆள் இல்லாமலே போகலாம். யோசிங்க, வீட்ல பேசுங்க, அப்புறம் வாயைத் திறங்க!