மழலைக்கு மறுமொழி

மழலையின் இனிமையை வள்ளுவர் தொடக்கம் நம் புலவர் பலரும் புகழ்ந்துள்ளனர். ஆயின், அம்மழலை எங்ஙனம் பிறக்கின்றது என்று சிந்தித்தோர் சிலரே. பொருளற்ற ஓசை, வாய்க்கு வந்த உளறல் என்பதே பலரது எண்ணம். இவ்வெண்ணம் தவறானது, தவறானது மாத்திரமன்று, சில வேளைகளில் ஒரு குழந்தையின் எதிர்காலத்தையே பாதிக்க வல்லது.

பிறந்த குழந்தைக்கு அழுகையே மொழி. இரண்டாம் மாத அளவில் அது மல்லாந்து கிடந்தபடி 'ங்கா' என்கின்றது. பின்னர் கூவியும் கீச்சிட்டும் எச்சிலைக் குமிழியிட்டும் தன் குரலைப் பலவாறு பழகிப் பார்க்கின்றது. 6 ஆம் மாதத்துக்கும் 10 ஆம் மாதத்துக்கும் இடையில் 'மமம', 'பபப', 'ததத' என அசைகள் அடுக்கடுக்காகப் புறப்படுகின்றன. பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்துவதாற் பிறப்பன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். இதழ்களைச் சேர்த்துப் பிரிப்பது எளிய தொழில். ஆதலின் அவை முந்துகின்றன. ழகரமோ ஆண்டுகள் சில சென்றபின்னரே வரும். 'மழலை' என்ற சொல்லை மழலையாற் சொல்ல முடியாது!

இவ்வொலிகளுக்கும் பின்னர் வரும் சொற்களுக்கும் தொடர்பில்லை என்று மொழியியலறிஞர் றோமன் யாக்கொப்சன் 1941 இல் வெளியிட்ட நூலிற் கூறினார். பிற்கால ஆய்வுகள் அதனை மறுத்தன. குழந்தை மழலையில் விரும்பிப் பயின்ற ஒலிகளே அதன் முதற்சொற்களிலும் மிகுந்து காணப்படுகின்றன. மழலை உளறலன்று, பயிற்சி.

அப்பயிற்சிக்குச் செவி வேண்டும். அமெரிக்க ஆய்வாளரான ஒல்லரும் ஐலர்சும் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், செவிப்புலனுள்ள 21 குழந்தைகளும் 10 மாதத்துக்குள் அசையடுக்கைத் தொடங்கிவிட்டன. செவிப்புலனற்ற ஒன்பதில் ஒன்றேனும் 11 மாதத்துக்கு முன் தொடங்கவில்லை. அழுகையும் சிரிப்பும் 'ங்கா'வும் கேளாக் குழந்தைக்கும் வருவதால் பெற்றோர் ஏமாந்துபோகின்றனர். "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என்று ஆறுதல் சொல்லி ஆண்டுகளைக் கழிக்கின்றனர். அக்குழந்தைக்கு மொழியாற்றல் இல்லையா? உண்டு. பெற்றோரின் சைகைமொழியைக் கண்டு வளரும் கேளாக் குழந்தைகள் கைகளால் மழலை பேசுவதை 1991 இல் கனடாவின் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். எவ்வழியாலேனும் மொழி குழந்தையை உரிய காலத்திற் சென்றடைய வேண்டும் என்பதே இதன் பாடம்.

செவி மட்டும் போதுமா? போதாது, எதிரில் ஒருவர் வேண்டும். குழந்தை ஒலித்த அக்கணமே தாய் புன்னகைத்துத் தொட்டால் அதன் ஒலிகள் திருந்துகின்றன என்றும், தொடர்பில்லாத வேளையில் அதே புன்னகை வந்தாற் பயன் விளைவதில்லை என்றும் 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. "பேசாப் பிள்ளையோடு என்ன பேச்சு?" என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். இன்று அழும் குழந்தையின் முன் கைத்தொலைபேசியை வைக்கின்றோம். அது பாடும், ஆடும். ஆனால், குழந்தையின் 'பபப'வுக்கு விடை கூறாது. நம் பாட்டிமார் எந்நூலும் கல்லாமலே, "அப்படியா ராசா, பிறகு?" என்று மடியிலிருந்த குழந்தையோடு உரையாடினர். அதுவன்றோ முதற் பள்ளிக்கூடம்!

ஆசிரியர்கள் பெற்றோரைச் சந்திக்கும்போது இரண்டு செய்திகளைச் சொல்லட்டும். குழந்தையின் மழலைக்கு மறுமொழி கூறுங்கள். 10 மாதம் கடந்தும் அசையடுக்கு வரவில்லையெனில், காத்திராது வைத்தியரிடம் சென்று செவியைச் சோதியுங்கள். வாய் திறப்பதற்கு வெகு முன்னரே பேச்சு தொடங்கிவிடுகின்றது. நாம்தான் பிந்திக் கேட்கின்றோம்.