இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் இருக்கு... அனுபவம் இருக்கா? மெக்கானிக்கல் மாணவர்களுக்கு 'கோ-ஆப்' முறை சொல்லும் பாடம்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவரிடம் 'இன்டர்ன்ஷிப் போனீங்களா?' என்று கேட்டால், பெரும்பாலும் 'போனேன்' என்றுதான் பதில் வரும். 'அங்க நீங்க என்ன செஞ்சீங்க?' என்பது அடுத்த கேள்வி. வேலைக்கான நேர்காணலில் பலர் திணறுவது இங்கேதான்.

பத்து நாள் தொழிற்சாலைக்குப் போய், மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மெஷினைப் பார்த்துவிட்டு, சான்றிதழோடு திரும்புவது ஒரு வகை. நான்கு மாதமோ ஆறு மாதமோ சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு மீண்டும் வகுப்புக்கு வருவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைத்தான் அமெரிக்கா, கனடாவில் 'கோ-ஆப்' என்கிறார்கள்.

அது எப்படி நடக்கிறது? நம்ம ஊரில் ஏன் பரவவில்லை? இப்போது படிக்கும் மாணவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? பார்ப்போம்.

கோ-ஆப் என்றால் என்ன?

'கோ-ஆபரேட்டிவ் எஜுகேஷன்' என்பதன் சுருக்கம்தான் கோ-ஆப். கூட்டுறவு சங்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கல்லூரியும் தொழிற்சாலையும் சேர்ந்து ஒரு மாணவரை உருவாக்கும் முறை இது.

1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் இதைத் தொடங்கினார். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 27 இன்ஜினியரிங் மாணவர்கள். இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவர் இந்த வாரம் வகுப்பில் இருந்தால், மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார். அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். தொழிற்சாலையில் அந்த வேலை ஒரு நாளும் நிற்காது. அதனால் நிறுவனங்களும் இதற்குச் சம்மதித்தன.

கனடாவின் வாட்டர்லூவில் எப்படி?

இன்று இந்த முறைக்குப் பெயர் பெற்ற இடங்களில் ஒன்று, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகம். 1957-ல் வகுப்புகள் ஆரம்பித்தபோதே கோ-ஆப் முறையோடுதான் ஆரம்பித்தது.

அங்கே மெக்கானிக்கல் படிப்பில் 8 பருவம் வகுப்பு, 6 பருவம் வேலை. ஒவ்வொரு பருவமும் 4 மாதம். அதாவது பட்டம் வாங்கும்போது மாணவர் கையில் சுமார் 2 ஆண்டு வேலை அனுபவம் இருக்கும். படித்து முடிக்க ஏறத்தாழ 5 ஆண்டு ஆகும்.

வேலையைப் பல்கலைக்கழகம் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. மாணவரே விண்ணப்பிக்க வேண்டும், நேர்காணலுக்குப் போக வேண்டும். சம்பளம் நிறுவனம் தரும். பருவம் முடிந்ததும் மேலதிகாரி மதிப்பீடு தருவார். மாணவரும் என்ன கற்றோம் என்று அறிக்கை எழுத வேண்டும். இதற்கெல்லாம் பல்கலைக்கழகம் தனியாக ஒரு கட்டணமும் வாங்குகிறது.

முதல் பருவத்திலேயே பெரிய வேலை கிடைத்துவிடாது. டிராயிங் திருத்துவது, அளவு எடுத்துக் குறிப்பது, டெஸ்ட் முடிவுகளைத் தொகுப்பது என்றுதான் பலருக்கும் தொடக்கம் இருக்கும். மூன்றாவது, நான்காவது பருவத்தில்தான் பொறுப்பு கூடும். திரும்பத் திரும்பப் போவதில்தான் இந்த முறையின் பலனே இருக்கிறது.

15 நாளில் கிடைக்காத எது 4 மாதத்தில் கிடைக்கும்?

ஒரு சின்ன உதாரணம். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டைக்கு டிராயிங்கில் 'H7' என்று போட்டிருக்கிறது. அளவு 46 மைக்ரான் வரை கூடலாம், குறையவே கூடாது என்று அர்த்தம். பரீட்சையில் இதை எழுதினால் முழு மதிப்பெண்.

ஷாப் ஃப்ளோரில் கதை வேறு. மெஷினிலிருந்து இறங்கிய இரும்பு சூடாக இருக்கும். 10 டிகிரி சூடு கூடினாலே 200 மில்லிமீட்டர் இரும்பு சுமார் 23 மைக்ரான் விரியும். ஏ.சி. அறையிலிருந்து கொண்டுவந்த கேஜை வைத்து அப்போதே அளந்தால், அனுமதித்த வித்தியாசத்தில் பாதியை வெப்பமே சாப்பிட்டுவிடும். 'ஓகே' ஆன பீஸ் மறுநாள் 'ரிஜெக்ட்' ஆகும். காரணம் தெரியாதவர் ஆபரேட்டரைத் திட்டுவார். தெரிந்தவர், 'ஆறட்டும், அப்புறம் அளப்போம்' என்பார்.

வெப்ப விரிவு எல்லா மாணவருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனால் அந்தப் பாடம் இந்த இடத்தில் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க, ஒரே லைனில் பல வாரம் நிற்க வேண்டும். பிரச்சினையைப் பார்த்து, காரணம் தேடி, மாற்றிப் பார்த்து, அது சரியானதா என்று மறுபடி அளக்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். கேட் பாஸ், பாதுகாப்பு வகுப்பு, டிபார்ட்மென்ட் அறிமுகம் என்பதிலேயே முதல் வாரம் ஓடிவிடும் 15 நாள் பயிற்சியில் இதற்கு நேரமே இல்லை.

தமிழ்நாட்டில் இந்த முறை இல்லையா?

இருக்கிறது. பெயர்தான் வேறு: 'சாண்ட்விச்' படிப்பு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 5 ஆண்டு பி.இ. மெக்கானிக்கல் சாண்ட்விச் படிப்பு பல ஆண்டுகளாக நடக்கிறது. படிப்புக்கு நடுவே நடுவே தொழிற்கூடத்தில் வேலை. பாலிடெக்னிக்கிலும் மூன்றரை ஆண்டு சாண்ட்விச் டிப்ளமோ உண்டு. அதில் இரண்டு தவணையாகத் தொழிற்சாலைப் பயிற்சி.

வெளிமாநிலத்தில் ராஜஸ்தானின் பிட்ஸ் பிலானி 1973 முதல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' நடத்துகிறது. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் சுமார் 2 மாதம், கடைசி ஆண்டில் சுமார் ஐந்தரை மாதம் நிறுவனத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் வழக்கமான 4 ஆண்டு பி.இ. படிப்பவர்களில் பலருக்குக் கிடைப்பது விடுமுறையில் 2 முதல் 4 வார 'இன்-பிளான்ட் ட்ரெயினிங்'தான். 'ஐ.வி.' என்கிற தொழிற்சாலைப் பார்வையிடலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாதி நாள் கம்பெனி, மீதி நாள் ஊட்டி என்பது மாணவர்களே சொல்லிச் சிரிக்கும் விஷயம்.

அப்போ சிக்கல் எங்க?

முதல் சிக்கல், நேரம். செமஸ்டருக்கு நடுவே 4 மாதம் வெளியே அனுப்ப, பாடத்திட்டத்திலேயே இடம் வேண்டும்.

இரண்டாவது, நிறுவனத்தின் கணக்கு. 20 பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரை ஒதுக்கினால் அன்றைய உற்பத்தி குறையும். பத்து நாளில் போகப்போகும் மாணவருக்காக யாரும் அந்தச் செலவைச் செய்ய மாட்டார்கள். நான்கு மாதம் இருப்பார் என்றால் கணக்கு மாறும்.

மூன்றாவதுதான் அதிகம் பேசப்படாதது: பணம். ஓசூரிலோ ஒரகடத்திலோ இரண்டு மாதம் தங்க வாடகை, சாப்பாடு, பஸ் செலவு இருக்கிறது. உதவித்தொகை இல்லாத இன்டர்ன்ஷிப் என்றால், அந்தச் செலவைத் தாங்கும் குடும்பத்துப் பிள்ளைதான் போக முடியும். மற்றவர், பணம் கட்டினால் சான்றிதழ் தரும் இடங்களைத் தேடுகிறார். வேலை செய்கிறவருக்குக் காசு தராமல், அவரிடமே காசு வாங்குவது எப்படி இன்டர்ன்ஷிப் ஆகும்?

ட்ரெயினியா, குறைந்த கூலிக்கு ஆளா?

நீண்ட நாள் இருந்தாலே அது பயிற்சி ஆகிவிடாது. ஆறு மாதமும் ஒரே மெஷினில் பீஸ் ஏற்றி இறக்கச் சொன்னால், அது 'ட்ரெயினி' என்ற பெயரில் நடக்கும் ஆபரேட்டர் வேலை. மெஷின் இயக்குவது தாழ்ந்த வேலை இல்லை. ஆனால் அதற்கு உரிய சம்பளமும் இல்லாமல், இன்ஜினியருக்கு உரிய பயிற்சியும் இல்லாமல் போவதுதான் பிரச்சினை. கோ-ஆப் முறையில் கல்லூரி நடுவில் நின்று அறிக்கையும் மதிப்பீடும் கேட்பது இதைத் தடுக்கத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

படிப்பு முடித்தவர்களுக்கு 1961-ம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டம் இருக்கிறது. 1973-ல் செய்த திருத்தத்தால் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் இதற்குள் வந்தார்கள். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ்களை எடுக்க வேண்டும்.

2019 விதிகளில் பட்டதாரி அப்ரெண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். இதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய அப்ரெண்டிஸ்ஷிப் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பும் நிறுவனத்துக்கு உண்டு.

ஆனால் இந்தப் பாதுகாப்பு, ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்த அப்ரெண்டிஸுக்குத்தான். கல்லூரிக் கடிதத்தோடு மட்டும் உள்ளே போகும் மாணவர், பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றாலும் காகிதத்தில் ஒரு 'விசிட்டர்' மாதிரிதான்.

போவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எந்த டிபார்ட்மென்ட், என்ன வேலை? எழுத்தில் தருவார்களா?
2. எனக்கு வழிகாட்டும் இன்ஜினியர் யார்? வாரம் ஒரு முறையாவது அவரைச் சந்திக்க முடியுமா?
3. உதவித்தொகை எவ்வளவு? நான் பணம் கட்டச் சொல்கிறார்களா? கட்டச் சொன்னால் யோசியுங்க.
4. சேஃப்டி ஷூ, கண்ணாடி, இன்சூரன்ஸ் யார் பொறுப்பு?
5. முடியும்போது சான்றிதழ் தவிர, நான் செய்த வேலையைக் காட்ட ஒரு அறிக்கை இருக்குமா?

கல்லூரி எதுவானாலும் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பயிற்சிக்குப் போனால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்க. அன்றைக்கு எந்த மெஷின் நின்றது, ஏன் நின்றது, யார் எப்படிச் சரி செய்தார் என்று தினமும் நான்கு வரி எழுதுங்க. 'அங்க என்ன செஞ்சீங்க?' என்று நேர்காணலில் கேட்கும்போது, சான்றிதழைவிட அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.