இருநூற்றைம்பது கலமும் ஒரு புள்ளியும்

பரணை ஒழித்தபோது தாத்தாவின் பண்ணைக் கணக்கு நோட்டு கிடைத்தது. திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊர். ஒரு பக்கத்தில் ‘௨௱௫௰ கலம்’ என்று எழுதியிருந்தார். இருநூற்றைம்பது கலம் நெல். தஞ்சாவூரில் நான் கோடிங் சொல்லித்தரும் வகுப்புக்கு அதை எடுத்துப்போனேன்.

அன்றைக்குப் பாடம் ரெகுலர் எக்ஸ்பிரஷன். ஒரு நிரலில் எங்கெங்கே எண் இருக்கிறதென்று கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் [0-9]+ என்று எழுதினார்கள். இலக்கம் எத்தனை தொடர்ந்தாலும் சேர்த்துப் பிடி என்று அர்த்தம். ‘மகசூல்2 = 1.50’ என்ற வரியைக் கொடுத்தேன். பெயரோடு ஒட்டியிருந்த 2-ஐயும் பிடித்துக்கொண்டது. 1.50-ஐ 1, 50 என்று இரண்டாகப் பிளந்தது.

“சொல் எல்லைக் குறி போடலாமே சார்” என்றாள் ஒருத்தி. நல்ல யோசனைதான். ஆங்கிலப் பெயராக இருந்தால் 2 தப்பியிருக்கும். இங்கே தப்பவில்லை. பைத்தானோடு வரும் தேடல் நூலகம் ‘ல்’ மேல் உள்ள புள்ளியைச் சொல்லின் பகுதியாகவே எண்ணுவதில்லை. புள்ளியோடு சொல் முடிந்தது, 2 தனி என்று முடிவுகட்டிவிடுகிறது. வகுப்பே சிரித்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

பிறகு தாத்தாவின் கணக்கு. [௦-௯]+ போட்டதும் இருநூற்றைம்பது, வெறும் இரண்டும் ஐந்துமாகப் போனது. நூறைக் குறிக்கும் ௱, பத்தைக் குறிக்கும் ௰ இரண்டும் யூனிகோடில் இலக்க வகையில் இல்லை. ௨௫௦ என்று கொடுத்தால் பைத்தான் 250 ஆக மாற்றித் தரும். தாத்தா எழுதியபடி கொடுத்தால் பிழை என்கிறது. அவருக்குத் தேவையே படாத தமிழ்ப் பூஜ்யம் 2005-இல் யூனிகோடில் சேர்ந்தது. அவர் தினமும் புழங்கிய மா, காணி, முந்திரி (1/20, 1/80, 1/320) குறிகள் 2019 வரை காத்திருந்தன.

பழைய கணக்குகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் தட்டச்சு செய்பவர் ௨-க்குப் பதில் ‘உ’ அடித்துவிடுவார். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் அகப்படாது. அதனால் சொல்கிறேன்: நிரல் எழுதுகிறவரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பழைய கணக்கு வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்காரட்டும், அவருக்கும் சம்பளம் கொடுங்கள். கல்லூரித் தேர்விலும் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்றால் என்ன’ என்று கேட்பதை விட்டுவிட்டு, இப்படி நாலு வரியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லலாம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சுழி இருக்கிறது. காணியா, மை சிந்தியதா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பெரியத்தையிடம் காட்ட வேண்டும்.