வீட்டுக்கு ஜெனரேட்டர்: கடையில் சொல்லும் விலையும் நமக்கு முடியும் செலவும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்து நாட்டின் பல பிரதேசங்கள் நாட்கணக்கில் மின்சாரம் இன்றிக் கிடந்தன. அதன் பின்னர் என் புடவைக் கடைக்கு வருபவர்கள் துணியின் விலையைக் கேட்பதற்கு முன்னர் வேறொரு விலையைக் கேட்கத் தொடங்கி விட்டார்கள். "காக்கா, வீட்டுக்கு ஜெனரேட்டர் ஒண்டு போட எவ்வளவு முடியும்?" 2022 இல் நான் ஒன்றல்ல, இரண்டு வாங்கியது ஊருக்கே தெரியும். ஆகவேதான் கேள்வி என்னிடம் வருகிறது.

கடைக்காரர் சொல்லும் விலை இந்தக் கேள்விக்குப் பதிலல்ல. ஒரு கொள்கலன் சரக்கு இறக்குபவர், சரக்கின் விலையோடு கப்பல் கூலி, தீர்வை, லொறிக் கூலி, களஞ்சிய வாடகை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அடக்கவிலை போடுவார். அதே மனிதர் தன் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கும்போது பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்த்துக் காசை எண்ணிக் கொடுத்து விடுகிறார். நானும் அப்படித்தான் செய்தேன்.

2022 மார்ச் மாதக் கடைசியை யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்வெட்டு 7 மணித்தியாலம், 10 மணித்தியாலம் என்று ஏறி 31 ஆம் திகதி 13 மணித்தியாலத்தைத் தொட்டது. 1996 இலும் பின்னர் 2001, 2002 இலும் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தபோது மின்வெட்டைக் கண்டவர்கள்தான் நாம். இருந்தும் 13 மணித்தியாலம் என்றதும் பொறுமை போய் விட்டது. இரண்டரைக் கிலோவோட் பெற்றோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி அன்றைக்கே வானில் ஏற்றி வந்தேன். விலை பேசவில்லை. ஐம்பது கடந்த வியாபாரி ஒருவன் விலை பேசாமல் வாங்கிய பொருள் என் வாழ்நாளில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

காத்தான்குடியில் வீடுகள் எப்படி இருக்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. மதிலோடு மதில் ஒட்டியிருக்கும். முன்னால் வைத்தால் சத்தம், அயலவருக்குத் தொந்தரவு என்று எண்ணி, குசினிக்குப் பின்னால் உள்ள ஒடுக்கமான நடையில் வைத்தேன். மேலே தகரம், இரு பக்கமும் மதில். நோன்பு மாதம். ஒரு நாள் ஸஹருக்கு முன்னர் இரண்டு மணித்தியாலம் ஓட விட்டிருந்தோம். மருமகள் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக் கொண்டாள். ஐந்து வயதுப் பேரன் வாந்தி எடுத்தான். சாப்பாட்டில் ஏதோ என்றுதான் நினைத்தோம். வைத்தியசாலையில் டொக்டர் முதலில் கேட்டது, "வீட்டில ஜெனரேட்டர் ஓடுதா?" என்பதுதான்.

காபன் மொனொக்சைட் என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை தெரியாததால் காற்று சுத்தம் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். தூக்கத்திலேயே ஆளை முடித்து விடும். அல்லாஹ்வின் உதவியால் பிள்ளை பிழைத்தான். வீட்டின் கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். நமது வளவில் 20 அடி தள்ளினால் ஜெனரேட்டர் பக்கத்து வீட்டுப் படுக்கையறையில்தான் போய் நிற்கும். எனவே எவ்வளவு முடியும் என்று கேட்பவரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்பதுதான். இடம் இல்லாதவருக்கு விலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அந்தப் பெற்றோல் இயந்திரத்தோடு இன்னொரு வேலையும் நடந்தது. வயரிங் செய்ய வந்த பாஸ், இரண்டு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயர் ஒன்றைத் தந்து, "இதை ஜெனரேட்டரில் ஒரு பக்கம், சுவரில் ஒரு பக்கம் குத்துங்கள், வீடு முழுக்க லைட் வரும்" என்றார். வந்தது. மெயின் சுவிட்சை அணைத்து விட்டுக் குத்த வேண்டும் என்று சொன்னார். ஒரு நாள் மகன் அணைக்க மறந்து விட்டான். அப்படி மறந்தால் நமது 230 வோல்ற் மின்சாரம் வீதிக்குப் போகும். வீதியில் உள்ள டிரான்ஸ்போமர் அதை எதிர்ப்பக்கமாக 11 ஆயிரம், 33 ஆயிரம் வோல்ற் ஆக்கக் கூடியது. லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளியின் கதி என்னவாகும்? அன்று நமது வீதியில் யாரும் கம்பத்தில் இருக்கவில்லை. அந்த வயரை அன்றே வெட்டி எறிந்தேன்.

அதன் பின்னர்தான் முறையாகச் செய்ய முடிவெடுத்தேன். 2022 மே மாதம் 5 கே.வி.ஏ டீசல் ஜெனரேட்டர், சத்தம் குறைக்கும் பெட்டியோடு வாங்கியது 485,000 ரூபாவுக்கு. மற்றச் செலவுகளைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் 14,000. கேபிள் 22,000. ஏர்த் கம்பியும் அதற்கான வேலையும் 12,000. வளவின் மூலையில் கொங்கிறீட் மேடையும் தகரக் கூரையும் 38,000. புகைக் குழாயை மதிலுக்கு மேலே உயர்த்த 9,000. இரண்டாவது பாஸின் கூலி 25,000. ஏற்றி இறக்க 8,000. ஆக 128,000. மொத்தம் 613,000 ரூபா. இவை அன்றைய விலைகள், இன்று மாறியிருக்கும். ஆனால் இயந்திரத்தின் விலையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேறு செலவு வரும் என்பதை மனதில் வைத்துக் கொண்டு கணக்குப் போடுங்கள்.

இந்தப் பட்டியலில் எதையாவது குறைக்கலாம் என்று நினைத்தால் மேடையின் அழகைக் குறையுங்கள், சேஞ்ச் ஓவர் சுவிட்சில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு பக்கம் வீதி மின்சாரம், மறு பக்கம் ஜெனரேட்டர், இரண்டும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேராதபடி தடுப்பது அதுதான். ஏர்த்தும் அப்படியே. சில சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் ஏர்த்தோடு இணைக்கப்படாமல் இருக்கும். அந்நிலையில் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டிய நேரத்தில் விழாது. தகுதியான பாஸ் ஒருவரைக் கொண்டு இதைப் பார்ப்பித்துக் கொள்ள வேண்டும். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேச வேண்டாம்.

இனி ஓட்டும் செலவு. என்னுடைய இயந்திரம் மணித்தியாலத்துக்குச் சுமார் 1.2 லீற்றர் குடிக்கிறது. நாளொன்றுக்கு 3 மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 90 மணித்தியாலம், 108 லீற்றர். 2022 தொடக்கத்தில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. அந்த விலையில் மாதச் செலவு 13,068 ரூபா. அதே ஆண்டு ஜூன் கடைசியில் லீற்றர் 460 ரூபா. மாதச் செலவு 49,680 ரூபா. ஆறு மாதத்தில் ஏறத்தாழ நாலு மடங்கு. அதற்கும் டீசல் கிடைத்தால்தானே! கலனில் எரிபொருள் கொடுக்கக் கூடாது என்று தடை வந்தபோது, ஜெனரேட்டரைத் தூக்கிக் கொண்டா வரிசையில் நிற்பது? மின்சாரம் இல்லாமல் போன அதே காரணத்தால்தான், அதாவது டொலர் இல்லாததால்தான், டீசலும் இல்லாமல் போனது. மின்வெட்டுக்குப் பரிகாரம் என்று நாம் வாங்கிய இயந்திரமும் அதே கப்பலைத்தான் பார்த்துக் கொண்டு நின்றது. சிலர் வீட்டுக்குள் பெற்றோலைச் சேமித்து வைத்தார்கள். அது தீப்பிடித்த செய்திகளையும் அந்த மாதங்களில் வாசித்தோம்.

2023 பெப்ரவரி நடுப்பகுதியில் அன்றாட மின்வெட்டு நின்றது. அதன் பின்னர் 2023 டிசம்பரிலும் 2025 பெப்ரவரியிலும் நாடு முழுவதும் இருண்டபோதும், புயல் நாட்களிலும் ஓடியதைச் சேர்த்தால், இயந்திரத்தின் மீற்றர் 470 மணித்தியாலம் காட்டுகிறது. 613,000 ரூபாவை 470 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 1,304 ரூபா. டீசல் வேறு, எண்ணெய் மாற்றுவது வேறு. ஸ்டார்ட் பண்ணும் பற்றரி ஓடாமல் கிடந்தே செத்துப் போய் இடையில் ஒருமுறை மாற்றினேன். என் கடையில் ஆறு இலட்சம் ரூபாச் சரக்கு நாலு வருடம் இப்படி முடங்கிக் கிடந்தால் வாப்பா கப்றிலிருந்து எழுந்து வந்து ஏசுவார்.

இந்தச் செலவு வேண்டாத செலவு என்று சொல்ல வரவில்லை. யாருக்கு வேண்டும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் மச்சானின் தொழில் உறை கோழி விநியோகம். கீழே களஞ்சியம், மேலே வீடு. டீப் ஃபிரீசரில் எப்போதும் சில இலட்சங்களுக்குச் சரக்கு இருக்கும். நிறைந்த ஃபிரீசர் கதவு திறக்கப்படாவிட்டால் 48 மணித்தியாலம் வரை குளிரைத் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணித்தியாலம் தாங்கும் என்று உணவுப் பாதுகாப்பு நூல்களில் உள்ளது. நமது வெக்கைக்கும் பழைய ஃபிரீசருக்கும் கொஞ்சம் கழித்துக் கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் மூன்று மணித்தியால மின்வெட்டுக்கு அவருக்கும் ஜெனரேட்டர் தேவையில்லை, ஃபிரீசரைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஆனால் டித்வா போல நாட்கணக்கில் போனால் ஜெனரேட்டர் ஒரே தடவையில் தன் விலையை மீட்டுக் கொடுத்து விடும். இன்சுலின் வைத்திருப்பவர்கள், ஒட்சிசன் இயந்திரத்தில் நோயாளி உள்ள வீட்டார், இவர்களுக்கும் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை. என்னைப் போன்ற புடவைக் கடைக்காரனுக்கோ துணி பழுதாகாது. நான் ஆறு இலட்சம் கொடுத்து வாங்கியது மின்விசிறிக் காற்றும் பிரிட்ஜ் தண்ணீரும்தான்.

காற்றும் வெளிச்சமும் மட்டும் போதும் என்றால் பற்றரியும் இன்வேட்டரும் போதும். 12 வோல்ற், 150 அம்பியர் மணித்தியால ஈயப் பற்றரி ஒன்றில் 1,800 வோட் மணித்தியாலம் இருக்கிறது. பற்றரி நீடிக்க வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்கலாம். மூன்று மின்விசிறி, ஐந்து எல்.ஈ.டி. பல்ப், வைஃபை பெட்டி ஒன்று, எல்லாம் சேர்ந்து 235 வோட் அளவில் வரும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. பற்றரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள். கூரையில் சோலார் பூட்டியிருக்கிறேன், எனக்கு என்ன கவலை என்று சொல்பவர்களும் உண்டு. பற்றரி இல்லாத சாதாரண சோலார் தொகுதி, வீதியில் மின்சாரம் போனதும் தானாகவே நின்று விடும். லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2022 இல் பட்டப்பகலில் கூரை நிறையச் சோலாரை வைத்துக் கொண்டு வியர்த்துக் கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜெனரேட்டர்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர் அளவில் ஏமாறக் கூடாது. 5 கே.வி.ஏ என்றால் 5 கிலோவோட் அல்ல, பொதுவாக 4 கிலோவோட். அதிலும் சில பெட்டிகளில் ஒரு கணம் தாங்கக் கூடிய உச்ச அளவைத்தான் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். தொடர்ந்து ஓடக் கூடிய அளவு எது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பிரிட்ஜ், ஆறு மின்விசிறி, பதினைந்து பல்ப், டீவி, அரைக் குதிரைவலுத் தண்ணீர் மோட்டார், எல்லாம் ஒன்றாக ஓடினாலும் ஒன்றரைக் கிலோவோட்டைச் சற்றுத் தாண்டும். மோட்டார் எடுக்கும் கணத்தில் பல மடங்கு இழுக்கும் என்பதால் கொஞ்சம் இடம் விட வேண்டும். அயன், கேத்தல், ரைஸ் குக்கர் மூன்றையும் அந்நேரம் தொடாதிருந்தால் 5 கே.வி.ஏ தாராளம். என் நண்பர் ஒருவர் இரண்டு மாடி வீட்டுக்கு 15 கே.வி.ஏ வாங்கினார். டீசல் இயந்திரத்தை அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தொடர்ந்து ஓட்டினால் எரியாத எண்ணெயும் கரியும் குழாயில் படியும். அவருடையது கறுப்புத் திரவம் கக்கத் தொடங்கி, இப்போது படங்கு போர்த்திக் கிடக்கிறது. வாங்கும்போது பெரிது என்று சொல்லப் பெருமையாகத்தான் இருந்தது அவருக்கு.

வாங்கி வைத்தவர்கள் மாதத்துக்கு ஒரு தடவை, பிரிட்ஜும் மோட்டாரும் போட்டு, கால் மணித்தியாலமாவது ஓட்டுங்கள். சத்தத்துக்கு 1996 முதல் சட்டம் இருக்கிறது என்பதால் அதைப் பகலில் செய்யுங்கள். வெள்ளம் ஏறும் ஊர்களில் மேடையை வெள்ளக் கோட்டுக்கு மேலே கட்டுங்கள். நிலத்தோடு வைத்த ஜெனரேட்டர், வெள்ளத்தன்று தேவைப்படும் நேரத்தில் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும்.

மச்சானின் மருமகன் தன் புதிய வீட்டுக்கு 10 கே.வி.ஏ பார்த்து வைத்திருக்கிறாராம். முற்பணம் கொடுக்க முன்னர் வளவின் அளவையும், வீட்டில் ஓட வேண்டிய சாமான்களின் வோட் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.