காணாமல் போன இரண்டு வாரங்கள்

கடலூர் முதுநகரில் பழைய பேப்பர் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. மிச்சமிருக்கும் ஒரு கடையில், எடைக்கு வந்த கட்டுகளுக்கு நடுவில், போன மாசியில் ஒரு பைண்டிங் புத்தகம் கிடைத்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, முதுகில் காலிகோ ஒட்டி அட்டை போட்டிருக்கிறார்கள். கதை படிக்கிற வீடுகளில் இப்படி ஒரு பைண்டிங்காவது அன்றைக்கு இருக்கும்.

பிரித்துப் பார்த்தால் நடுவில் இரண்டு வாரம் இல்லை. இரவல் போன இதழ்கள் திரும்பி வராமல் இருந்திருக்கலாம். அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டிலிருந்து எடுத்த நான்கு தாள்கள். நீல மை, பள்ளிக்கூடக் கையெழுத்து. விடுபட்ட கதையை யாரோ தாமே எழுதித் தைத்துவிட்டார். மேலே முதலில் சுஜாதா என்று பெயர் எழுதி, பிறகு அதை அடித்திருக்கிறார். தன் பெயரையும் எழுதவில்லை.

அந்த நான்கு தாளில் நடப்பது இது. கதையின் நாயகி நிலா, இயந்திர நாய் ஜீனோவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ராத்திரி ரயிலில் வந்து முதுநகரின் ஓ.டி. ஸ்டேஷனில் இறங்குகிறாள். துறைமுகத்தில் மீன் ஏற்றும் பெட்டிகளுக்குப் பின்னால் ஜீனோவை ஒளித்து வைக்கிறாள். மூன்றாம் நாள் ஜீனோவின் இடது முன்னங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. உப்புக்காற்று. மூட்டில் துரு ஏறிவிட்டது. படகு எஞ்சின் பார்க்கிற ஒருவர் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, கிரீஸ் தடவி, இந்த ஊரில் இரும்பாகப் பிறந்தால் வாரத்துக்கு ஒரு தடவை குளிக்கணும் என்று ஜீனோவிடம் சொல்கிறார்.

சுஜாதா அந்த நாட்களில் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டு எழுதியவர். ஜீனோவுக்கு அவர் பேச்சைக் கொடுத்தார், படிப்பைக் கொடுத்தார், குறும்பைக் கொடுத்தார். துருவைக் கொடுத்தது முதுநகர்க் குழந்தை ஒன்று. சைக்கிள் செயினும் ஜன்னல் கம்பியும் இரண்டு மழைக்காலம் தாங்காத ஊரில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் ஓர் இயந்திரத்தைப் பார்த்ததும் முதலில் அந்தக் கவலை வரும்.

ஜீனோவைத் தமிழ் வாசகர்கள் எளிதில் விடவில்லை. ‘மீண்டும் ஜீனோ’ வந்தது, தூர்தர்ஷனில் தொடர் வந்தது. இயந்திர மனிதன் ஒருவனைத் திரைக்குக் கொண்டுவரும் இயக்குநர் ஷங்கரின் திட்டத்திலும் சுஜாதா இருந்தார். அது கமல்ஹாசனை வைத்துத் தொடங்கி, ஷாருக் கான் வரை போய், கடைசியில் ரஜினிகாந்திடம் வந்து நின்றது. 2008 பிப்ரவரி 27 அன்று சுஜாதா காலமானார். அந்தப் படம், ‘எந்திரன்’, 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. அடுத்த படம் ‘2.0’ தள்ளித் தள்ளிப் போய் 2018 நவம்பர் 29 அன்று வந்தது. அதன் உச்சக்காட்சியில் புறா மேல் ஏறி வந்த குட்டி ரோபோ 3.0-வைப் பார்த்த நாளிலிருந்து மூன்றாவது படம் பற்றிய பேச்சு ஓயவில்லை.

அந்தப் பேச்சில் பாதி எனக்கு ஒட்டாது. முதல் படம் சன் பிக்சர்ஸ், இரண்டாவது லைகா, மூன்றாவதை எடுப்பது யார், ரஜினி நடிப்பாரா, பட்ஜெட் எத்தனை கோடி என்பதெல்லாம் வியாபாரச் செய்தி. வந்தால் தெரிந்துகொள்வோம். மற்ற பாதிக்காகத்தான் இந்தத் தலையங்கம். அதில் நல்ல வாசிப்பு இருக்கிறது. சிற்றிதழ்க்காரர்கள் நாம் அதைக் காதில் வாங்காமல் இருந்துவிட்டோம்.

துறைமுகத்து டீக்கடையில் கேட்ட ஒரு தியரியைச் சொல்கிறேன். ‘எந்திரன்’ படத்தின் கடைசிக் காட்சி 2030-ல் ஒரு மியூசியத்தில் நடக்கிறது. சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளை, கழற்றிப் போடப்பட்ட இயந்திர மனிதன் சிட்டியைப் பார்த்து ஏன் உன்னைக் கழற்றினார்கள் என்று கேட்கிறது. தான் சிந்திக்கத் தொடங்கியதால் என்று சிட்டி பதில் சொல்கிறது. ஆனால் ‘2.0’ படத்தில் அதை உருவாக்கிய வசீகரன் சிட்டியை மறுபடி பூட்டி எழுப்பிவிடுகிறார், சிட்டி ஊரைக் காப்பாற்றுகிறது. அப்படியானால் 2030-ல் அது எப்படி மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிறது? இரண்டாம் தடவை கழற்றியது யார், என்ன குற்றத்துக்காக? அதைச் சொல்வதுதான் மூன்றாவது படம் என்றார் ஒரு தம்பி. லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். டைரக்டரே அந்த 2030-ஐ மறந்திருப்பார் என்றார் பக்கத்தில் இருந்தவர். “மறந்திருந்தா என்னண்ணே, படத்துல இருக்குல்ல? இருக்கறதுக்குப் பதில் சொல்லணும்ல?” என்றார் முதலாமவர்.

எழுதியவர் மறந்தாலும் பிரதி மறக்காது என்கிற விமர்சனப் பாடத்தை நான் பல கருத்தரங்குகளில் கடினமான சொற்களில் கேட்டிருக்கிறேன். அந்தத் தம்பி டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். இன்னொருவர் ‘2.0’ படத்து இயந்திரப் பெண்ணுக்கு நிலா என்று பெயர் இருப்பதையும், ஜீனோ கதையின் நாயகி பெயரும் நிலா என்பதையும் பிடித்துவைத்திருந்தார். ‘2.0’ படத்துக்கு வசனம் ஷங்கரோடு சேர்ந்து எழுதியவர் ஜெயமோகன். அந்தப் பெயர் சுஜாதாவுக்குச் செய்த மரியாதையா, தற்செயலா என்று அரை மணி நேரம் பேச்சு ஓடியது.

அப்போதுதான் ஓர் அம்மா பேசினார். தேவனாம்பட்டினத்துக்காரர், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர். ‘எந்திரன்’ படத்தில் தீப்பிடித்த கட்டடத்திலிருந்து சிட்டி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். குளித்துக்கொண்டிருந்த பெண். உடம்பில் துணி இல்லை. கேமராக்கள் சுற்றி நிற்கும். அந்தப் பெண் அவமானம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாவாள். அந்தக் காட்சியை டிவியில் எத்தனையோ தடவை பார்த்திருப்பதாகச் சொன்னார். “தம்பி, நெருப்புலேருந்து தூக்கியாரத் தெரிஞ்சுது, ஒரு துணி போத்தத் தெரியல அதுக்கு. சுனாமி அன்னிக்கு எங்கள தூக்குன பசங்களுக்கு யாரும் சொல்லித் தரல. கைலிய அவுத்துக் குடுத்துட்டு டவுசரோட நின்னாங்க. மூணாவது படம் எடுத்தா மொதல்ல அதக் கத்துக்குடுக்கச் சொல்லு.”

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

2004 டிசம்பர் 26-ஐ இந்தக் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காப்பாற்றும் இயந்திரம் பற்றி உலகம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். காப்பாற்றப்பட்டவர் பக்கமிருந்து அந்த இயந்திரத்துக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்த எழுத்து எத்தனை? அந்த அம்மா ஒரு படத்தின் அடுத்த பாகத்தை யூகித்தார். அந்த யூகத்துக்குள் அவர் வாழ்ந்த ஒரு முழு நாள் இருந்தது. தைத்த நோட்டுத் தாளில் துரு இருந்தது போல.

தொடர்கதையும் தொடர்படமும் மலிவான சரக்கு, அதன் மிச்சத்தைப் பேசுவது பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம் இலக்கிய வட்டங்களில் நெடுநாளாக உண்டு. இந்த மண்ணில் அந்த எண்ணம் நிற்காது. திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன், மனிதன் செய்த உயிர் மனிதனையே துரத்தும் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதையைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தவர். சிட்டிக்கு மூத்த அண்ணனைத் தமிழுக்கு அழைத்து வந்தவர் நம் கடலூர்க்காரர்தான்.

ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குவதற்கு அதைவிடப் பழைய சாட்சி சிதம்பரத்தில் இருக்கிறது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் 11 பாட்டில் அடியார்களின் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டுப் போனார். பெயரும் ஓரிரு சொல்லும்தான். யார் அவர், என்ன செய்தார், ஏன் வணங்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது போதவில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, ஏறக்குறைய ஆளுக்கொரு பாட்டாக அதை அந்தாதியில் விரித்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தில்லையில் அமர்ந்து 4,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் பெரிய புராணமாக்கினார். ஆயிரங்கால் மண்டபத்தில் அது அரங்கேறியதாக மரபு சொல்கிறது. பக்தியையும் சினிமாவையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் வருந்த வேண்டாம். சுருக்கமாகச் சொல்லப்பட்டதைக் கேட்டவுடன் மிச்சத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற பழக்கம் நமக்கு எத்தனை ஆழமானது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். வியாசர் பாரதத்தில் இல்லாத அல்லியை மதுரையில் அரசாள வைத்து அர்ச்சுனனை அவள் பின்னால் அலையவிட்டதும் அதே பழக்கம்தான். பெரிய எழுத்துப் புத்தகத்தில் அல்லி அரசாணி மாலையைச் சத்தமாகப் படிக்கக் கேட்டு வளர்ந்த பாட்டிகள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

வெளியிலிருந்து ஒன்று மட்டும். பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைவுத் தொடர் 1963 நவம்பரில் தொடங்கி 1989-ல் நின்றுபோனது. ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் தவிர 2005 வரை திரையில் அது இல்லை. அந்த இடைவெளியில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. நாவல் எழுதினார்கள், ஒலிநாடகம் போட்டார்கள், டாக்டர் அடுத்து எங்கே போவார் என்று பேசிப் பேசிக் கதையை உயிரோடு வைத்திருந்தார்கள். அப்படி 1996-ல் ஒரு ‘டாக்டர் ஹூ’ நாவல் எழுதிய ரஸல் டி டேவிஸ்தான் 2005-ல் தொடரை மீட்டெடுத்தவர். யூகித்துக்கொண்டிருந்த ரசிகன் கையில் பேனா வந்தது. அங்கே அதற்கு வழி இருந்தது: புத்தகம் போடப் பதிப்பாளர் இருந்தார், அனுமதி தர நிறுவனம் இருந்தது.

இங்கே அந்த வழி இல்லை. டீக்கடையில் பிறக்கிற மூன்றாவது பாகம் கிளாஸ் கழுவுகிற தண்ணீரோடு போய்விடுகிறது. அதனால்தான் தமிழில் அறிவியல் புனைவு என்றதும் இன்றும் சுஜாதா என்ற ஒரு பெயரில் வந்து நிற்கிறோம். அவர் காலமாகிப் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அவர் எதிர்காலமாக எழுதிய 2020-களின் தொடக்கம் நமக்கு இறந்தகாலமாகிவிட்டது. 2030 எட்டும் தூரத்தில் இருக்கிறது. இன்று அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அந்த மியூசியத்துக்குச் சுற்றுலா போகிற வயதுக்கு அப்போது வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுத வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். சுஜாதாவின் எழுத்துக்கு அது 2068 கடைசி வரை. வெளியான ஆண்டை வைத்துக் கணக்கிடும் ‘எந்திரன்’ படத்துக்கு 2070 கடைசி வரை. ஆகவே சிட்டியையும் ஜீனோவையும் வைத்துக் கதை எழுதி அனுப்பினால் எங்களால் அச்சிட முடியாது. அவர்களைப் பற்றி அலசி எழுதுவதற்கும் கேள்வி எழுப்புவதற்கும் தடையில்லை. அதைவிட எனக்கு ஆசை, அந்த யூகத்துக்குள் இருக்கிற உங்கள் சொந்தச் சரக்கை எடுத்து உங்கள் சொந்த இயந்திரத்துக்குள் வைக்க வேண்டும் என்பதுதான். கைலியை அவிழ்த்துப் போர்த்தத் தெரிந்த மீட்பு இயந்திரத்துக்குச் சிட்டி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்தில் அதற்கு ஒரு நல்ல பெயர் கிடைக்கும். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தில் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து பார்க்கிற இயந்திர நாய், பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் வழி தவறிய டிரோன், நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை முடிந்தும் கீழேயே தங்கிவிட்ட ஒரு எந்திரம் என்று என் மனசிலேயே ஏழெட்டு ஓடுகின்றன. உங்களிடம் இன்னும் நல்லவை இருக்கும்.

அடுத்த இதழின் பாதிப் பக்கங்களை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். கதையாக இருக்கலாம், கட்டுரையாக இருக்கலாம், டீக்கடையில் சொன்னதை அப்படியே எழுதியதாகவும் இருக்கலாம். கையால் எழுதி அனுப்பினாலும் நாங்கள் தட்டச்சு செய்துகொள்கிறோம். எழுதிப் பழக்கமில்லாதவர்கள் வந்து சொன்னால் உட்கார்ந்து எழுதி எடுத்துக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இருக்காது, அப்போது வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த பைண்டிங் புத்தகம் எங்களிடம் இருக்கிறது. நான்கு தாள் எழுதியவருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஊரில் இருக்கிறாரோ, வெளிநாட்டில் இருக்கிறாரோ. இதைப் படித்தால் ஒரு தகவல் சொல்லட்டும், பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். தையல் கம்பி ஒன்று துருப்பிடித்து இரண்டாம் தாளில் பழுப்பாக இறங்கியிருந்தது. அதை உருவிவிட்டு நூல் போட்டுத் தைத்து, காற்றுப் படாமல் உறையில் வைத்திருக்கிறேன்.