கரமனைச் செய்தியின் சுருக்கத்துக்கு யார் பொறுப்பு?

‘நாளை வெள்ளம் வராது.’ கரமனையில் மலையாளி ஒருவர் இப்பொருள்படச் சொன்னால், குழாயில் தண்ணீர் வராது என்று கொள்ள வேண்டும். தமிழர் காதில் அதுவே ஆறு கரை மீறாது என்ற ஆறுதலாக விழும். மலையாளத்தில் வெள்ளம் என்பது தண்ணீர். பெருக்குக்கு வெள்ளப்பொக்கம் என்ற வேறு சொல் உண்டு. திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் தருவது அருவிக்கரை அணை. மழைக்காலத்தில் அதன் மதகுகள் உயர்த்தப்படும்போது கரமனையாற்றின் கரையோர மக்கள் எச்சரிக்கப்படுகின்றனர். இரு செய்திகளும் ஒரே அணையிலிருந்து வருவதால் இச்சொல்மயக்கம் வெறும் வேடிக்கையன்று.

மலையாளச் செய்தியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இட்டுத் தமிழ்ச் சுருக்கமாகப் பகிர்வது இன்று எவர்க்கும் எளிது. மலையாள எழுத்து பழகாத தமிழர்க்கு அது மெய்யான உதவி. அதைத் தடுக்க வேண்டும் என்பது என் வாதமன்று. எதைச் சுருக்கலாம், சுருக்கத்துக்கு யார் பொறுப்பு என்பவையே என் கேள்விகள்.

நாடு தழுவிய செய்தியில் விவரங்கள் குறைந்தாலும் சாரம் எஞ்சும். உள்ளூர்ச் செய்தியிலோ விவரமே சாரம்: எந்த வார்டு, எத்தனை மணி முதல், மதகு எத்தனை சென்டிமீட்டர். காலடி என்றால் நமக்குக் கரமனைக்கு அருகிலுள்ள பகுதி. உலகம் அறிந்ததோ எறணாகுளம் மாவட்டத்துச் சங்கரர் பிறந்த காலடி. ஆரஞ்சு எச்சரிக்கை என்பது 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மழை பெய்யும் வாய்ப்பைக் குறிப்பது. சுருக்கத்தில் ‘வாய்ப்பு’ என்ற சொல் உதிர்ந்தால் முன்னறிவிப்பு நடந்து முடிந்த செய்தியாகிவிடும்.

மனிதரும் இப்படிப் பிழை செய்வர். ஆனால் அவரிடம் விளக்கம் கேட்கலாம். 2024 டிசம்பரில் ஆப்பிள் கைப்பேசியின் செய்திச் சுருக்கம், கொலைவழக்கில் கைதானவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டதாக பிபிசியின் பெயரில் பொய்யுரைத்தது. பிபிசி முறையிட்டது, 2025 ஜனவரியில் ஆப்பிள் செய்திகளுக்கான அச்சேவையை நிறுத்திவைத்தது. 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் வெளியிட்ட ஆய்வில், செய்தி குறித்த செயலி விடைகளில் 45 விழுக்காட்டில் குறிப்பிடத்தக்க குறை ஒன்றேனும் இருந்தது. பிபிசிக்கு முறையிடும் வலிமை உண்டு. ஒரு வார்டைப் பற்றிய பிழைக்காக முறையிடுவார் யார்?

வழிகாட்டி அருகிலேயே உள்ளது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கை, தீர்ப்பு முடிவுகளுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாகாது என்கிறது. அதன் மொழிபெயர்ப்புகளைத் தகுதியுடையோர் சரிபார்க்கவும் பயன்பாட்டைப் பதிவுசெய்யவும் பணிக்கிறது. உள்ளூர்ச் செய்திக்கும் அத்தகைய ஒழுங்கு வேண்டும். இடம், நேரம், அளவு ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். மூலச்செய்தியின் இணைப்பும் சரிபார்த்தவர் பெயரும் சுருக்கத்தோடு செல்ல வேண்டும். பிழை நேர்ந்தால் திருத்தமும் அதே குழுவுக்கு வர வேண்டும். அபாய எச்சரிக்கையை மட்டும் சுருக்கவே கூடாது. முழுமையாக மொழிபெயர்க்க வேண்டும்.

ஆய்வாளராகிய நமக்கும் இதில் பங்குண்டு. இன்றைய செய்தி நாளைய வரலாற்றுச் சான்று. இரு மொழியும் அறிந்த நாம், பகிரும் முன் ஒருமுறை மூலத்தைப் படிப்போம். ஐந்து நிமிடம் செலவாகும். ஆற்றங்கரை வீட்டிலிருப்பவர்க்கு அந்த ஐந்து நிமிடம் பெரிது.